மலையடி வீட்டிலிருந்து வந்த நடுக்கங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள், தென் லண்டனில் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை மேசையிலிருந்து, நாலாயிரம் மைல் தொலைவில் உள்ள ஓர் எரிமலையை நான் கண்காணித்து வந்தேன். அதற்கு என்னிடம் இருந்தவை ஒரு கட்டு வரைபுத்தாள், இரண்டு பென்சில்கள், பக்கத்து வீட்டுக்காரியின் தாயார். இவற்றுள் தாயாரே மிகத் துல்லியமானவர் என்பதை அறிந்துகொள்ள எனக்குக் காலம் எடுத்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் மருத்துவமனைத் தாதி. கரீபியன் கடலில் உள்ள ஒரு சிறு தீவிலிருந்து இளம் வயதில் வந்தவர். அவருடைய தாயார் அந்தத் தீவில், எரிமலையின் அடிவாரக் கிராமம் ஒன்றில், ஐந்து ஆடுகளோடும் ஒரு கிழங்குத் தோட்டத்தோடும் தனியே வாழ்ந்தார். அந்த மலை வெடித்ததைக் கண்டவர் எவரும் உயிரோடு இல்லை. ஆனால் அந்த ஆண்டு அதன் அடியில் நிலம் அடிக்கடி அதிரத் தொடங்கியிருந்தது. வழக்கமான நிலநடுக்கத்தில் பெரியது ஒன்று முதலில் வரும், சின்னவை பின்னால் வரும். இது அப்படியல்ல. ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக, நாட்கணக்கில், தலைமை தாங்க ஒன்றுமில்லாமல் வந்துகொண்டிருக்கும். இதை நிலநடுக்கத் திரள் என்பார்கள். பெரும்பாலான திரள்கள் தாமாக அடங்கிவிடும். சில மலையைத் திறந்துவிடும். எது எந்த வகை என்பதை எல்லாம் முடிந்த பிறகே உறுதியாகச் சொல்லலாம் என்பது இந்தத் துறையின் சங்கடம்.

சற்றுத் தள்ளி சட்டன் என்ற ஊரில் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் இருந்தார். எரிமலைகள் அவருடைய பொழுதுபோக்கு. தீவில் ஆறு வீடுகளைக் கடிதம் மூலம் பழக்கிவைத்து, அவர்கள் உணர்ந்த நடுக்கங்களைத் திரட்டி, அந்தப் பிராந்தியத்தின் கண்காணிப்பு நிலையத்துக்கு மாதந்தோறும் அனுப்பிவந்தார். கருவிகள் இல்லாத இடங்களில் மனிதர்கள் உதவுவார்கள் என்பது அவர் கொள்கை. தாதியின் தாயார் ஏழாவது வீடானார். அவர் அஞ்சலை நம்பாதவர். ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் மகள் தொலைபேசியில் கேட்டு வரும் செய்தியைப் படிவத்தில் நிரப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து புவியியலில் பட்டம் பெற்றவள். அப்போது குரோய்டனில் ஒரு வீடமைப்பு அலுவலகத்தில், வீடில்லாதவர்களின் விண்ணப்பங்களை அவசரத்தின்படி வரிசைப்படுத்தும் வேலையில் இருந்தேன். இதுவும் அதே வகையான வேலை என்று எனக்குத் தோன்றியது.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஒப்பிசில சனத்தின்ர பிரச்சினை காணாதெண்டு இப்ப மலையையும் வீட்டை கொண்டு வந்திட்டியே?" என்றார்.

படிவத்தில் ஐந்து படிகள் இருந்தன. படுத்திருப்பவருக்கு மட்டும் தெரிந்தால் ஒன்று. தொங்கும் பொருள் ஆடினால் இரண்டு. தட்டுகள் சத்தமிட்டால் மூன்று. பொருள்கள் விழுந்து உடைந்தால் நான்கு. சுவரில் வெடிப்பு விழுந்தால் ஐந்து. தாயார் சொல்வதை மகள் எனக்குச் சொல்வார். நான் படியைத் தீர்மானித்து, நாளையும் நேரத்தையும் எழுதி, சட்டனுக்கு அனுப்புவேன். தாயார் பெரும்பாலும் சொன்னது, "சின்னது, விளக்கு ஆடினது" என்பதுதான்.

நான் அதற்கு மூன்று என்று எழுதினேன்.

இதை விளக்க வேண்டும். எண்பதுகளில், ஊருக்குத் தொலைபேசி வேலை செய்த காலத்தில், அக்காவும் நானும் அம்மாவின் அழைப்புகளுக்கு ஒரு மொழிபெயர்ப்பை மனத்தில் வைத்திருந்தோம். "கொஞ்சம் சத்தம்" என்றால் ஷெல் அடுத்த ஒழுங்கையில் விழுந்திருக்கிறது. "வீடு கொஞ்சம் பழுது" என்றால் கூரை இல்லை. "மாமாவுக்குச் சுகமில்லை" என்றால் மாமா செத்து எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. ஒருமுறை அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மூன்று வெடிச் சத்தம் கேட்டது. "கதவு காத்துக்கு அடிக்குது" என்றார் அம்மா. அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்த எந்தத் தாயும் தொலைபேசியில் உண்மையின் முழு அளவைச் சொன்னதில்லை. பிள்ளைகள் தூரத்தில் இருந்தார்கள். சொல்லி என்ன பயன் என்பதே எண்ணம். ஆகவே தாய் ஒருவர் சின்னது என்றால் ஒரு படி கூட்டிக்கொள்வது எனக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை. திருத்தம் என்றே தோன்றியது. படிவத்தில் அதற்குத் தனியே இடம் இல்லாததால் எங்கும் குறிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் என் வரைபில் அந்த வீடு மற்ற ஆறு வீடுகளுக்கும் மேலே எழுந்து நின்றது. திரள் நேராக அந்தக் கிராமத்துக்குக் கீழே நகர்ந்துவிட்டது என்று எனக்குப் புலப்பட்டது. ஆலோசனை சொல்வது எங்கள் வேலை அல்ல என்று சட்டன் ஆசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். நான் யோசித்தேன். சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால், அறிந்திருந்தும் வாய் திறக்காதவள் ஆவேன். சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால், ஒரு வயதான பெண்ணுக்குச் சில வாரச் சிரமம். அந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தாதியிடம் சொன்னேன். அவர் தாயாரிடம் சொன்னார். தாயார் ஐந்து ஆடுகளையும் விற்றுவிட்டு, தீவின் வடக்கில் ஒரு மைத்துனி வீட்டில் போய் இருந்தார்.

பன்னிரண்டு வாரம் இருந்தார். மலை ஒன்றும் செய்யவில்லை. திரள் அடங்கியது. கிழங்கு மண்ணுக்குள் அழுகியது.

சட்டன் ஆசிரியர் ஒரு சனிக்கிழமை கோப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா தேநீரும் வடையும் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் பேசினார், பக்கத்து வீட்டுத் தாதி எப்போதும் தீவின் ஆங்கிலத்தில் பேசினார். இருவரும் பேசியது எனக்கு இப்போது தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

"அடுத்த வீடு இருநூறு கெஜம் தள்ளி இருக்கிறது. அங்கே இரண்டு என்றால் இங்கே மூன்று. அங்கே ஒன்று என்றால் இங்கே இரண்டு. ஒரு நாள் தவறாமல்," என்றார். "பாறைக்கு ஆளைத் தெரியாது."

"நான் ஒரு படி கூட்டினேன்."

"எல்லாவற்றுக்குமா?"

"எல்லாவற்றுக்கும்."

ஏன் என்று கேட்டார். அம்மாவின் தொலைபேசி அழைப்புகளைப் பற்றிச் சொன்னேன். அவர் இரண்டாவது வடையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

"இதை அடிக்குறிப்பாகப் போட்டிருந்தால் நல்ல ஆய்வு," என்றார். பிறகு மூன்றாவதை எடுத்தார்.

தாதியிடம் சொல்வதற்கு வடைகள் இல்லை. அவர் வாசலில் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். நான் நடந்ததை ஒழுங்காக, காரணகாரியத்தோடு சொன்னேன். அவர் குப்பைத் தொட்டியின் கைப்பிடியை விடாமல் கேட்டார்.

"நீர் என்ர அம்மாவை ஆரெண்டு நினைச்சீர்?"

"எல்லா அம்மாமாரையும் போல எண்டு…"

"என்ர அப்பா செத்த அண்டைக்கு அவ எனக்கு ரெலிபோன் எடுத்தவ. 'அப்பா செத்திட்டார். வா.' அவ்வளவுதான் சொன்னவ. வைச்சிட்டா. அவ சின்னது எண்டால் சின்னதுதான்!"

"ஆடுகளுக்கு நான்…"

"ஆடு போகட்டும். இனி நான் சொல்ற எதையும் அவ கேட்கமாட்டா. அதுக்கு என்ன செய்யப் போறீர்?"

தாயார் அடிவார வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என்று முடிவு செய்தேன். மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாளில் அதை எழுதியும் ஒட்டினேன். அதற்குப் பக்கத்திலேயே அக்கா சாமிப் படக் கலண்டரை மாட்டினார்.

அடுத்த ஆண்டு இறுதியில் இரண்டாவது திரள் தொடங்கியது. ஆறு வீடுகளிலும் எண்ணிக்கை ஏறியது. தாயாரின் வீட்டில் முதல் வாரம் நான்கு நடுக்கங்கள், இரண்டாம் வாரம் ஒன்று, பிறகு எதுவும் இல்லை. நான் பூச்சியம் என்று எழுதினேன். அடுத்த வாரமும் பூச்சியம். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவளுக்கு வேறு வழியில்லை. வரைபில் அந்தக் கிராமம் முழுவதும் அதிர, ஒரு வீடு மட்டும் அசையாமல் நின்றது. பாறைக்கு ஆளைத் தெரியாது என்பது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஒரு தடவை என் புத்தியைக் கேட்டு அந்தப் பெண் ஐந்து ஆடுகளை விற்றிருக்கிறார் என்பதும் நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிறு தாதியின் தொலைபேசி பழுதாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி இருந்தது. ஊர்ச் செய்தி வந்தால் வீடு முழுவதும் ஒன்றாகக் கேட்பது எங்கள் வழக்கம் என்பதால் அக்கா வாங்கியது. தாயாரின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். தெளிவான, உரத்த குரல்.

"இஞ்ச ஒண்டுமில்லை. நல்ல வெயில். அங்க குளிரோ? சேர்ச்சுக்குப் புதுசா ஒரு பாதர் வந்திருக்கிறார், நல்லாப் பாடுறார். உன்ர முழங்கால் எப்பிடி?"

"அம்மா, ஆட்டம் ஏதும்…"

"ஒண்டுமில்லை எண்டு சொல்லிப் போட்டனெல்லே."

அந்த நேரம் ஒலிபெருக்கியில் தட்டுகள் கிலுகிலுக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாறு விநாடி நீடித்தது. நடுவில் ஏதோ சத்தம் வந்தது, தாயார் அதைவிடச் சத்தமாகப் பேசினார்.

"பூனை. தட்டு ராக்கையில ஏறீட்டுது. சரி, காசு ஓடும், வை."

வைத்துவிட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதினேழு. தீவில் நண்பகல் கடந்து பதினேழு நிமிடம்.

தாதி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குப் பூனை ஆகாது. தும்முவா. எங்கட வீட்டில ஒருநாளும் பூனை இருந்ததில்லை," என்றார்.

அக்கா அடுப்படியில் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. ஆனாலும் திரும்பாமலே சொன்னார்: "எங்கட அம்மாவின்ர கதவு மாதிரி."

தாதி என்னைப் பார்த்தார். "இப்ப நீர் சொல்லும். போகட்டோ, விடட்டோ?"

ஓர் ஆண்டுக்கு முன் சந்தேகமில்லாமல் செய்த ஒப்பீட்டை இப்போது நான் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. இம்முறையும் தாயாரை இறக்கிவிட்டு மலை சும்மா இருந்தால், அவர் மூன்றாவது முறை எந்தக் காரணத்துக்கும் அந்த வீட்டை விட்டு வரமாட்டார். விட்டுவிட்டு மலை சும்மா இராவிட்டால், மூன்றாவது முறை என்பதே இல்லை. அவரைப் பொய் சொல்ல வைத்தவள் நான். மலையடியில் உண்மையைச் சொன்ன ஒருவருக்கு, உண்மை சொன்னால் வீட்டைவிட்டு எழுப்புவார்கள் என்று நானே கற்பித்திருந்தேன்.

"அதே நிமிசத்தில வேற வீட்டிலயும் ஆடினதோ எண்டு கேட்டுச் சொல்றன்," என்றேன். வரைபில் மூன்று என்று எழுதி, காதால் கேட்டது என்று அடிக்குறிப்பும் போட்டேன்.

சட்டன் ஆசிரியர் திங்கட்கிழமை, ஆறு வீடுகளில் ஒன்றான அந்தக் கிராமத்துக் கடைக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். கடைக்காரர் அந்த வாரம் சரக்கு எடுக்கப் போயிருந்தார். பதில் வியாழக்கிழமைதான் வந்தது. அந்த நான்கு நாளும் தாதி வேலைக்குப் போகும்போது எங்கள் கதவைத் தட்டி, நான் இல்லை என்று தலையாட்டியதும் போவார். காத்திருந்தது எச்சரிக்கையால் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறையும் பிழை விட்டவளாக அவர் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை என்பதும் அதில் இருந்தது. அந்தக் கூச்சத்தின் பங்கு எவ்வளவு, எச்சரிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

பதில் சுருக்கமாக இருந்தது. ஞாயிறு, பன்னிரண்டு பதினேழு, தட்டுகள் அதிர்ந்தன, அந்த வாரத்தில் பதினாறாவது.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாதி வாசித்தார்.

"நீர் கூட்டி எழுதினதோ?"

"இல்லை. இது கடைக்காரர் எழுதினது."

சனிக்கிழமை அவர் விமானம் ஏறினார். தாயார் எதிர்ப்புக் காட்டினார் என்றும், மகள் வந்து அரை மணி நேரத்துக்குள் வீடு இரண்டு முறை ஆடியது என்றும், பூனை எங்கே என்று மகள் கேட்டார் என்றும், தாயார் பெட்டியை எடுத்தார் என்றும் பின்னர் அறிந்தேன். வடக்கில் அதே மைத்துனி வீடு. மூன்று வாரங்களின் பின் அரசாங்கம் அந்தக் கிராமம் முழுவதையும் வெளியேற்றியது. மறுவாரம் மலை சாம்பலைக் கொட்டியது. தாயாரின் வீட்டுக் கூரை சாம்பலின் பாரத்தில் உள்ளே இறங்கிவிட்டது. கிராமத்தில் ஆள் எவரும் இருக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் தாயார் நோர்பரிக்கு மகளிடமே வந்து சேர்ந்தார். வந்த இரண்டாம் நாள், மகளின் குளிர் அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்க, எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஆடுகளுக்காக வருத்தம் சொல்ல மூன்று வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் முதல் வாக்கியத்தின் நடுவிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆடு எனக்குத் தொல்லை," என்றார். "நீர்தானே அந்தப் படம் கீறுற ஆள்? காட்டும் பாப்பம்."

வரைபைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். அவர் அங்கிப் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்தார். அதில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்றில் உணர்ந்தது, மற்றதில் மகளுக்குச் சொன்னது. முதல் திரளின் பக்கங்களில் இரண்டு நிரலும் ஒன்றாகவே இருந்தன. இரண்டாவது திரளில், முதல் இரண்டு வாரத்துக்குப் பின் சொன்ன நிரல் வெறுமையாக இருந்தது. உணர்ந்த நிரல் பக்கம் பக்கமாக, வானொலியின் நேரத்தோடு, ஒன்றும் விடாமல் நிறைந்திருந்தது. நான் பூச்சியம் எழுதிய வாரங்கள் எல்லாம் அதில் இருந்தன.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபின் மேல் விரலை நகர்த்தி, ஒரு புள்ளியில் நிறுத்தினார்.

"இது பூனையோ?"

"ஓம்."

"என்ன போட்டிருக்கிறீர்?"

"மூண்டு."

"நாலு," என்றார். "நீலத் தட்டு ரெண்டு உடைஞ்சது. மகளுக்குக் கேட்கப் போகுதெண்டுதான் பெரிசாக் கதைச்சனான்."

அழிறப்பரை எடுத்து மூன்றை அழித்து, நான்கு என்று எழுதினேன். அடியில், தட்டுகள் உடைந்ததை வீட்டுக்காரர் நேரில் தெரிவித்தார் என்று குறித்தேன். அவர் குனிந்து பார்த்து, சரி என்று தலையசைத்து, பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை, நான் படி கூட்டி எழுதிய முதல் திரளின் தொடக்கத்தை, எனக்கு நேராகத் திருப்பி வைத்தார்.