மாரெஷோவாவின் மயோனைஸ்

அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்தே போஹுமிலா மாரெஷோவாவுக்கு மனித வாய் என்றாலே குமட்டத் தொடங்கியிருந்தது. செக் நாட்டின் ஓலமௌட்ஸ் நகரத்து ஸோரா மாளிகையில், இரண்டு மாடிப்படிகளுக்கு நடுவே இருந்தது அவளுடைய சிற்றுண்டிக் கடை. வலப்பக்கத்துப் படி மேலே கச்சேரி மண்டபத்துக்குப் போகும். இடப்பக்கத்துப் படி கீழே ஓவியக் கூடத்துக்கு இறங்கும். வலப்பக்கத்துக்காரர்கள் இடைவேளை மணி ஓய்வதற்குள் முண்டியடித்துக்கொண்டு வந்து, மெல்லாமல் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். இடப்பக்கத்துக்காரர்கள் கண்காட்சித் திறப்பு நாட்களில் மட்டும் வருவார்கள். அன்றைக்கு எல்லாம் இலவசம். பட்டு ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பேராசிரியர், ரொட்டித் துண்டின் மேலிருக்கும் பன்றி ஹாமையும் முட்டையையும் நக்கி எடுத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைப்பார். அவர் மனைவி கைப்பைக்குள் பிளாஸ்டிக் டப்பா கொண்டுவருவாள்.

போஹுமிலா ப்ரெரோவ் ஊர் கசாப்புக்கடைக்காரரின் மகள். சமையல் பள்ளியில் அவள் எடுத்தது குளிர்ச் சமையல் பிரிவு. சாலட், ஜெல்லி, மேலே எல்லாம் அடுக்கிய ரொட்டித் துண்டு என்று ஆறவைத்துப் பரிமாறும் பண்டங்கள். பள்ளி முடித்து ரயில்வே கேன்டீனில் பல வருஷம் நின்றாள். டிராம் ஓட்டுநர் ஒருவனைக் கட்டினாள். அவன் வேறொருத்தியோடு போனபோது பெரிதாக அழவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி மாறி, கடைகளைக் குத்தகைக்கு விட ஆரம்பித்ததும் ஸோரா மாளிகையின் மூலையைப் பிடித்தாள். காலையில் முதல் வேலையாக முட்டையும் எண்ணெயும் சேர்த்து மயோனைஸைக் கையால் அடிப்பாள். டப்பா மயோனைஸ் அவள் கடைப் படி ஏறியதில்லை. கச்சேரி நாட்களில் ஊரின் பேர்பெற்ற நாற்றப் பாலாடைக் கட்டியும் உள்ளே வராது. அந்தக் கட்டியைத் தின்றவன் பக்கத்தில் உட்கார்ந்து யார் வயலின் கேட்பது?

மாளிகையில் குடியிருந்த இரண்டு நிறுவனங்களும் பேச்சுவார்த்தையில் இல்லை. பியானோ ஏற்றும் நாளில் கீழ்க்கூடத்துப் பெட்டிகள் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். திறப்பு விழா நாளில் மேலே டிரம் ஒத்திகை நடக்கும். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை கழிப்பறை, கொதிகலன், போஹுமிலா. அவளுடைய குத்தகையை நீட்டிக்க இரண்டு இயக்குநர்களும் சரி என்று சொல்லவேண்டும். வருகிற மார்ச்சில் குத்தகை முடிகிறது.

கொதிகலனுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. படங்களுக்குக் குளிர்ச்சி வேண்டும், பாடுகிறவர்களுக்குச் சூடு வேண்டும். அதனால் பகலில் சூட்டைக் குறைத்து வைத்து, சாயங்காலம் ஏற்றுவார் கொதிகலன்காரர் கௌட்னி.

டிசம்பரில் ஓவியக் கூடத்தில் பிராகிலிருந்து வந்த ஒருவரின் கண்காட்சி. வீட்டுக் குளியல் தொட்டிகளை வரிசையாக வைத்து, பன்றிக் காலும் காதும் வேகவைத்த சாறை அவற்றில் ஊற்றி ஜெல்லியாக உறையவிட்டிருந்தார். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு குடும்பப் புகைப்படம் அமிழ்ந்து கிடந்தது. ஜனங்கள் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதே வாரத்தில் மேலே கிறிஸ்துமஸ் கச்சேரிக்குச் சேர்ந்திசை ஒத்திகை. தொண்டை கட்டுகிறது என்று பாடகிகள் முறையிட்டார்கள். இசைக்குழு இயக்குநர் இவானா பொகோர்னா காலையிலிருந்தே சூடேற்றச் சொல்லிவிட்டார். கீழே யாருக்கும் சொல்லவில்லை. பேச்சுதான் இல்லையே.

தொட்டிகளின் ஓரத்தில் நீர் விட்டு, மேற்பரப்பு மினுமினுத்தது. போஹுமிலா காபி கொண்டுபோனபோது பார்த்துவிட்டு ஓவியக் கூடத்து இயக்குநர் டாக்டர் ஷ்டெர்பாவிடம் சொன்னாள்.

“டாக்டர், அது இளகுது. கெட்டுப்போச்சுன்னா பெரிய ரகளை ஆயிடும். எடுத்துடுங்க.”

“மாரெஷோவா அம்மா, இளகுறதுதான் அந்தப் படைப்பே. காபி மட்டும் வெச்சுட்டுப் போங்க.”

கச்சேரியின் முதல் பாதி நடந்துகொண்டிருந்தபோது அது வந்தது. மண்டபத்து நாற்காலிகளுக்கு அடியில் பித்தளைக் கம்பி வலைகள் உண்டு. கீழ்க்கூடத்துச் சுவருக்குள் போகும் குழாய்களிலிருந்து வெதுவெதுப்பான காற்று அவற்றின் வழியாக மேலே எழும்பும். அன்றைக்கு அந்தக் காற்றோடு அழுகிய பன்றியும் எழும்பியது. முதலில் பின்வரிசையில் ஒரு கிழவர் சிரித்தார்: “யார்ரா பாலாடைக் கட்டியை ஷூவுக்குள்ள ஒளிச்சுக்கிட்டு வந்தவன்?” கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஃபர் கோட்டுக்காரிகள் கையுறையை மூக்கில் அழுத்திக்கொண்டார்கள். சேர்ந்திசையின் மூன்றாம் வரிசையில் நின்ற ஒருத்தி, தேவமாதாவைப் புகழும் வரியில் வாயைத் திறந்தாள். பாட்டுக்குப் பதில் வேறொன்று வந்து முன்வரிசைப் பாடகியின் கொண்டையில் விழுந்தது.

இடைவேளையில் கூட்டம் கீழே இறங்கிவந்து கடைக்கு எதிரே நின்றது. தட்டு தட்டாக அடுக்கியிருந்த ரொட்டித் துண்டுகளை, அவற்றின் மேல் மின்னிய மயோனைஸை, பிறகு அவளைப் பார்த்தது. யாரோ “சீ!” என்றார்கள். அந்த இரவு ஒரு துண்டுகூட விற்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு இயக்குநர்களும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் செய்துவைத்திருந்த தட்டை ஷ்டெர்பா தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நேத்து நடந்தது ரொம்ப வருத்தமான விஷயம்,” என்று ஆரம்பித்தார் பொகோர்னா. “பத்திரிகைக்காரங்க கேக்குறாங்க. நகராட்சியும் கேக்குது. கீழ இருக்கிற தொட்டிதான்னு சொன்னா டாக்டர் கூடத்தை மூடணும். சூடு ஏத்தினது யாருன்னு தோண்டினா எங்க மானியம் போயிடும்.”

“ரெண்டுல ஒண்ணு போனா மாளிகையே போச்சு,” என்றார் ஷ்டெர்பா. ஹாம் துண்டு ஒன்று அவர் உதட்டில் தொங்கியது.

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“மயோனைஸ் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. சின்ன கவனக்குறைவு. யாருக்கும் வரக்கூடியது. மன்னிப்பு கேட்டுட்டா முடிஞ்சுது. மார்ச்சுல குத்தகை தானா நீளும். நாங்க ரெண்டு பேரும் வாக்கு குடுக்கிறோம்.”

ஷ்டெர்பா இரண்டாவது துண்டை எடுத்தார். அதே கிண்ணத்து மயோனைஸ். மீசையில் ஒட்டியதை நாக்கால் வழித்துக்கொண்டார். மூன்றாவதை எடுக்கும்போது, “ஊறுகாய் வெள்ளரி பிரமாதம்,” என்றார்.

போஹுமிலா கைகளை ஏப்ரனில் துடைத்தாள். ஈரம் எதுவும் இல்லை, இருந்தும் துடைத்தாள். “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்,” என்றாள்.

உண்மையில் ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வேறு வேலை யார் கொடுப்பார்கள்? வாசலில் வருகிறவர்களின் கோட்டை வாங்கி வைக்கும் விலாஸ்டாவும் அதையே சொன்னாள்.

“சொல்லிட்டுப் போடி. ஒரு வாரம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. உன் மயோனைஸ் என்ன கன்னிப்பொண்ணா, பேரு கெட்டுடுச்சுன்னு அழ?”

“நான் அழலடி. வாந்தி வருது.”

“வந்தா எடுத்துட்டு வா. குத்தகை நிக்கும்ல?”

மத்தியானம் டபுள் பாஸ் வாசிக்கும் ஹீனெக் வந்தான். எத்தனையோ வருஷமாக ஒத்திகைக்கு முன்னால் அவள் கையால் தின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவான். அவனுக்காகக் கடுகு கூடப் போடுவாள். அன்றைக்கு வெறும் காபி கேட்டான்.

“ஹீனெக், நேத்து மத்தியானம் நீ நாலு துண்டு சாப்பிட்டே. உனக்கு ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தான் இருந்துச்சு.”

“அதை மேல போய்ச் சொல்லு. உங்க ஆளுங்க பாதிப்பேர் இங்கதான் சாப்பிட்டீங்க. ஒருத்தன்கூட நோவுல படுக்கலை.”

அவன் கரண்டியைச் சுழற்றினான். “போஹுமிலா, ஜனவரில எங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிறாங்க. நீயே யோசி. உனக்குத்தான் குத்தகை தர்றேங்கிறாங்களே, அப்புறம் என்ன?”

“உனக்கு யார் சொன்னது?”

“எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாருக்கும் தெரியும். தொட்டி தெரியும், சூடு தெரியும், பேரம்கூடத் தெரியும். தெரிந்துகொண்டே காபி குடிக்கிறார்கள். அவன் குடித்து வைத்த கோப்பையின் விளிம்பில் உதட்டு ஈரம் பளபளத்தது. அதை அவள் இரண்டு தடவை கழுவினாள். இவர்கள் எதையும் விழுங்குவார்கள். வாயைத் திறந்து வைத்திருப்பதே அதற்குத்தான். மார்ச்சுக்குப் பிறகும் தினமும் இந்த வாய்களுக்கு முன்னால் நின்று, கெட்டதைப் போட்டவளாகத் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறவேண்டும். அவர்களும் மன்னித்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தின்பார்கள்.

அடுத்த நாள் இருவரும் வந்து உட்கார்ந்தபோது மேசையில் தட்டு இல்லை.

“சொல்ல மாட்டேன்,” என்றாள்.

பொகோர்னா நிதானமாகக் கேட்டார்: “விளைவு தெரியும்ல?”

“தெரியும்.”

“அம்மா, வெறும் மயோனைஸ்,” என்றார் ஷ்டெர்பா. “அதுக்குப் போயி இவ்வளவா?”

“கெட்டதுன்னு என்னைச் சொல்லச் சொல்றீங்க. மூணு துண்டு தின்னுக்கிட்டே சொல்றீங்க. டாக்டர், அது கெட்டதுன்னா உங்களை என்னன்னு சொல்றது? எங்கப்பா கசாப்புக்கடையில பன்னிங்களைப் பாத்திருக்கேன். நாத்தம் வந்தா பன்னிகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்.”

ஷ்டெர்பாவின் முகம் சிவந்தது. பொகோர்னா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். அதைப் பார்த்தபோது போஹுமிலாவுக்கு அவர் மேல்தான் அதிக அருவருப்பாக இருந்தது.

அவள் சொல்லாவிட்டால் என்ன, பத்திரிகையில் வந்துவிட்டது: “சிற்றுண்டிக் கடை உணவே காரணம் எனச் சந்தேகம்.” அந்த வாரமே ஓவியக் கூடம் “பராமரிப்புப் பணிக்காக” மூடப்பட்டது, தொட்டிகள் பின்வாசல் வழியாகப் போயின. கௌட்னி முகத்தில் துணி கட்டிக்கொண்டு முற்றத்துச் சாக்கடையில் தண்ணீரைப் பாய்ச்சினார். “மேல சொன்னாங்க, ஏத்தினேன். கீழ எங்கிட்ட யாரும் கேக்கலையே,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, நுரையைத் துடைப்பத்தால் தள்ளினார்.

மார்ச்சில் அவள் கடையைக் காலி செய்தாள். இப்போது மாவட்ட மருத்துவமனைச் சமையலறையில், உப்பில்லாத உணவுப் பிரிவில் வேலை. ஒருநாள் டிராமில் எதிரே உட்கார்ந்திருந்த ஃபர் தொப்பிப் பெண்மணி அவளை நெடுநேரம் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டாள்:

“ஸோரா மாளிகையில இருந்தீங்கள்ல? அந்த மயோனைஸ்... நெசமாவே கெட்டுப்போயிருந்துச்சா?”

“இல்ல,” என்றாள் போஹுமிலா.

அந்தப் பெண்மணி நம்பின மாதிரி தலையாட்டினாள். பிறகு, போஹுமிலாவின் முழங்கால் தன் மேல் பட்டுவிடாதபடி, கோட்டை மெல்ல இழுத்து மடித்துக்கொண்டாள்.