இரண்டு கெட்டிமேளம், மூன்று அரக்கு

என் சதாபிஷேகத்தன்று, அபிஷேகம் முடிந்து ஈரம் மாற்றியபோது, என் மனைவி ஒரு அரக்குப் புடவை கட்டிக்கொண்டாள். அப்போது மணி ஒன்பதே முக்கால். மாட்டுங்கா மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்தபோது இரண்டே கால். நாலரை மணி நேரம் ஒரே புடவைதான். ஆனால் வீடியோவில் அவள் மூன்று புடவை கட்டியிருந்தாள்.

அது பிறந்த வீட்டுப் புடவை. அந்த வீட்டில் மிச்சமிருப்பவள் அம்பர்நாத்தில் இருக்கும் அவளுடைய தங்கை ஒருத்திதான். ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்ட விதம் சரியில்லை என்று இருவரும் ஆறு வருஷம் பேசாமல் இருந்தார்கள். முழங்கால் ஆபரேஷனால் தங்கை விசேஷத்துக்கு வரமுடியவில்லை. ஆனாலும் வீம்பை விட்டுவிட்டுப் புடவையை அனுப்பியிருந்தாள், ‘இதையே கட்டிக்கணும்’ என்று ஒரு சீட்டோடு.

விசேஷம் முடிந்த இரண்டாம் நாள், செம்பூரிலிருக்கும் என் தம்பி மகன் தன் கேமராவில் எடுத்ததில் ஒரு துண்டை அந்தத் தங்கைக்கு அனுப்பி வைத்தான். உடனே போன் வந்தது.

“அக்கா, நான் அனுப்பினது அரக்கு. நீ கட்டிண்டிருக்கறது செங்கல் கலர். பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாமே.”

அவளைச் சமாதானப்படுத்த, என் மருமகள் தன்னுடைய கேமராவில் எடுத்ததை அனுப்பினாள். அதில் புடவை ரத்தச் சிவப்பு.

“இப்போ செவப்பா? எத்தனைதான் மாத்தினே?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

புடவையையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாமே என்றேன்.

“காட்டினா, மடிப்புக்கூடக் கலையாம புதுசா இருக்கேம்பா. உங்களுக்கு அவளைத் தெரியாது” என்றாள் மனைவி. அன்று அவள் சாப்பிட்டது ஒன்றரைத் தோசை. வழக்கமாக மூன்று.

மருமகளுக்கு ஐரோலியில் வேலை. சனி, ஞாயிறு வீட்டில் இருப்பாள். மூன்று கேமராவையும் சேர்த்து, ஒரே நிறத்தில் ஒரு முழு வீடியோ பண்ணித் தருகிறேன் என்று லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உட்கார்ந்தாள். மூன்றாவது கேமரா, நாங்கள் ஏற்பாடு செய்திருந்த தாராவி வீடியோக்காரருடையது. அதில் புடவை கத்தரிப்பூ நிறம்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. மூன்றும் ஹெச்டி. குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080. பெருக்கினால் இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு. மூன்றிலும் அதே எண்ணிக்கை இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வரும்?

“அரே அப்பா, படத்தோட அளவுதான் ஒண்ணு. கலரை ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு மாதிரி பார்க்கும். வேகமும் வேற. தாராவி கேமரா ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம், செம்பூர் கேமரா முப்பது.”

“சேர்த்தா மீதி அஞ்சு எங்கே போகும்?”

“தள்ளிடும். கண்ணுக்கே தெரியாது.”

செகண்டுக்கு ஐந்து என்றால் நிமிஷத்துக்கு முந்நூறு. முந்நூறு படத்தில் அவள் நன்றாகச் சிரித்த ஒன்று இருந்தால்? கேட்டேன். மருமகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நிறத்தைச் சரிசெய்ய, ஒரே நொடி மூன்று கேமராவிலும் எது என்று முதலில் தெரிய வேண்டுமாம். அதற்கு அவள் கெட்டிமேளத்தைப் பிடித்தாள். அந்தச் சத்தம் மூன்றிலும் விழுந்திருக்கும் அல்லவா? மேளத்தோடு மேளத்தைப் பொருத்தி, திரையில் மூன்று கட்டமாக ஓட்டினாள்.

முதல் கட்டத்தில் நான் தாலி கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டத்தில் விரலை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கேளே!” என்றாள் மனைவி. இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

நடந்தது இதுதான். முதல் பந்திக்கு எத்தனை இலை போடலாம் என்று மணையில் உட்கார்ந்தபடி வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருந்தேன். மேளக்காரர்களுக்கு ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினால் போதும், அதுதான் கெட்டிமேளத்துக்குச் சைகை. என் விரலைப் பார்த்ததும் வெளுத்துக் கட்டிவிட்டார்கள். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். பதினோரு நிமிஷம் கழித்து நிஜமான கெட்டிமேளம். என் தம்பி மகன் தாமதமாக வந்ததால் அவன் கேமராவில் அந்த இரண்டாவது மட்டும்தான் இருந்தது. மருமகள் அதை மற்ற இரண்டின் முதல் மேளத்தோடு பொருத்திவிட்டாள்.

சரியாகப் பொருத்திய பிறகும் புடவை செங்கலாகவும் ரத்தமாகவும் கத்தரிப்பூவாகவும்தான் நின்றது. ஒன்றைத் திருத்தினால் எங்கள் முகங்கள் பச்சையாயின. நல்லவேளையாக, மண்டபத்தில் எடுத்த போட்டோக்களைக் கொடுக்கத் தாராவிக்காரர் வந்தார். எட்டிப் பார்த்தார்.

“தாயி, சேலையைத் தொடாதிய. மொதல்ல வெள்ளைய வெள்ளையாக்குங்க. பொறவு சேலை தன்னால வரும்.”

“வெள்ளைக்கு எங்க போறது?”

“நாதஸ்வரக்காரர் வேட்டி இருக்குல்லா! ஐயாதான் அவர ரெண்டு தடவ வாசிக்க வச்சாகளே, நல்லாத் தெளிவா விழுந்திருக்கும்.”

அந்த வேட்டி ஒரு கேமராவில் மஞ்சளாகவும் ஒன்றில் நீலமாகவும் இருந்தது. மூன்றிலும் அதை வெளுப்பாக்கினாள். புடவைகள் மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மனைவி அசல் புடவையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். நாற்பது நிமிஷம் நின்றேன். கடைசியில் திரையிலும் தோளிலும் ஒரே அரக்கு.

முதல் கெட்டிமேளத்தை வெட்டிவிடும்படி மருமகளிடம் இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் தாதர் போய் அம்பர்நாத் லோக்கல் பிடித்தோம். தங்கை காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். மனைவி திரையைப் பார்க்கவில்லை, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது திரையில் என் விரல் ஆடியது, மேளம் முழங்கியது, வாத்தியார் பதறினார். வெட்டவே இல்லை!

“அத்திம்பேர் என்ன பண்றார்?”

“எலைக்கு ஆள் எண்றார்” என்றாள் மனைவி.

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பப் போடச் சொன்னாள். நாலு தடவை போட்டாகிவிட்டது. பிறகு தாலி, ஆசீர்வாதம், ஆரத்தி, கடைசிப் பந்தி. எல்லாவற்றிலும் அதே அரக்கு.

“சாப்பாடு வரைக்கும் இதையேவாக்கா கட்டிண்டிருந்தே?”

“ஆமாண்டி.”

“இந்தக் கனத்தையா? வேர்த்துக் கொட்டியிருக்குமே. நடுவுல மாத்திண்டிருக்கப்படாதோ?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

அதன்பிறகு அவர்கள் இரண்டு மணி பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பிப் போக வேண்டிய லோக்கல் மூன்று தவறிப்போனது. கையை மடக்கி வைத்துக்கொண்டுதான் எண்ணினேன்.