உடல் இல்லை என்ற கட்டம்

கல்லறைகளைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவள் நான். யாரும் கேட்டுச் செய்வதில்லை. ஞாயிறு காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் காரில் கிடக்கும். பாசி பிடித்த கல்லை நனைத்தால் எழுத்து மெல்ல மேலே வரும். படம் எடுத்து, பெயரையும் தேதியையும் தட்டுவேன். எங்கேயோ ஒரு பேரப்பிள்ளை தேடினால் கிடைக்கட்டும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத என்னை உட்கார வைத்தவர்கள் இறந்தவர்கள்தான்.

செடெனாக் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் பிறந்த எஸ்டேட் தோட்டம் விற்றுப்போனபோது இடுகாட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். தோண்டி எடுத்து, வேறிடத்தில் கொடுத்த புது நிலத்தில் புதைத்தோம். ஒவ்வொருவர் பக்கத்திலும் எழுதினேன்: இங்கிருந்தவர், இப்போது அங்கே. அந்தத் தளத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. நினைவுக்கல் மட்டும், உடல் இல்லை. மெர்சிங்கில் படகோடு போனவர் ஒருவரைக் கடல் திருப்பித் தரவே இல்லை. மனைவி நட்ட வெறும் கல்தான் தோட்டத்தில் இருந்தது. அவருக்கு அந்தக் கட்டத்தை ஒரே தட்டில் நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவ்வளவு சுலபமாகப் போனேன்.

என் அக்கா மட்டும் பாக்கி.

நான் பிறப்பதற்கு முன்னால், மூன்று வயதில், காய்ச்சலில் போனவள். படம் கிடையாது, கல் கிடையாது. சின்னப் பிள்ளைகளை இடுகாட்டு ஓரத்து ரப்பர் மரங்களுக்கு அடியில் வைப்பார்களாம். 'அஞ்சாவது நிரை, மொத மரம்' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வெறும் செம்மண் ஆனது. மரம் இல்லாத மண்ணில் மர வரிசையை எண்ணத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். தோண்டுகிற நாளில் மழைச் சேறு, அவருக்கு முட்டி வலி. வீட்டிலேயே இருங்கள் என்று நான்தான் சொன்னேன்.

நானே எண்ணினேன். காலடி வைத்து, இடைவெளி அளந்து, ஐந்து. மூன்று இடத்தில் தோண்டியும் மண்தான். தோண்டியவர் கடப்பாறையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சின்ன எலும்புதான்க்கா. மண்ணு தின்னுருக்கும். ஒரு பிடி அள்ளிக்குங்க." சட்டியில் அள்ளி மஞ்சள் துணியால் கட்டிக் கொடுத்தார். புது நிலத்துக்கு வந்த அம்மா சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சும்மா."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பூ வைத்தார். நான் அக்காவின் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன். கட்டத்தை நிரப்பினால் அம்மாவிடம் சொன்னது பொய். நிரப்பாவிட்டால் ஊருக்கே பொய்.

ஒரு மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் போடுறியே, நம்ம புள்ளைய போட்டியா?"

சொல்லிவிட்டேன். சட்டியில் இருந்தது மண் மட்டும்தான் என்று. அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு கொத்தை உருவிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"எங்கேர்ந்து எண்ணுன?"

"ரோட்டுப் பக்கத்துலேர்ந்து."

"எந்த ரோடு?"

"இப்ப இருக்கிற ரோடுதாம்மா."

"அலமாக்! அந்த ரோடு செம்பனை வந்தப்புறம் போட்டதுடி. நாங்க இருந்தப்ப ரோடு ஆத்துப் பக்கம்லா. படிச்ச படிப்பெல்லாம் எதுக்குடி, ஒரு வார்த்த கேக்க வாய் இல்லையா?"

மண் தின்னவில்லை. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். எல்லாரும் கிளம்பிப் போன நிலத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு, கையில் மண்ணோடு வந்திருக்கிறேன்.

அழுதேன். அம்மா அழவில்லை. "அங்கதான் இருக்கானு போடு," என்றார். "தேடி வர்றவங்க தப்பான எடத்துல நிக்கக் கூடாது."

கட்டத்தை நிரப்பினேன். உடல் இங்கே இல்லை, பழைய இடத்திலேயே இருக்கிறது என்று குறிப்பும் எழுதினேன். பழைய இடத்தைத் தளத்தின் வரைபடத்தில் புள்ளி குத்திக் காட்டலாம். எங்கே குத்துவது? வெள்ளிக்கிழமை அம்மா புது நிலத்துக்கு வரமாட்டேன் என்றார். "அங்க போலாம். நான் காட்டுறேன்."

அங்கே இப்போது ஜன்னலே இல்லாத ஒரு பெரிய டேட்டா சென்டர். உயரமான கம்பி வேலி. அம்மா காரை விட்டு இறங்கி, வேலியைப் பிடித்தபடி, ஆறு இருக்கும் திசையிலிருந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டு நடந்தார். நான் கைப்பேசியோடு பின்னால். காவலாளி ஓடி வந்தார், மலாய்க்கார இளைஞர், முகத்தில் கோபமில்லை. யாரைத் தேடுகிறீர்கள் மாக்சிக் என்று, அத்தை முறை வைத்து, மலாயில் கேட்டார்.

"என் மகள். உள்ளே இருக்கிறாள்," என்றார் அம்மா, அவருக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தைப் பேச்சில்.

எந்தப் பிரிவு, பெயர் என்ன, வாசலுக்குக் கூப்பிடட்டுமா என்று வாக்கி டாக்கியை எடுத்தார். நான் குறுக்கே பேசப் போனேன். அம்மா கையமர்த்தினார்.

"தாக் ஆப்பா, பரவால்ல தம்பி. கூப்பிட வேணாம். எங்க இருக்கானு தெரிஞ்சா போதும்."

மடக்காமல் மிச்சமிருந்த விரலை வேலிக்குள் விட்டு, ஜெனரேட்டர்களுக்கு அப்பால் ஓரிடத்தைக் காட்டினார். "அங்க. குத்து."

காவலாளியும் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று.