இரண்டாவது மோட்டார்

காஜா பேராங்கில் குடியிருந்துகொண்டு கடலில் படகு வைத்திருந்த ஆள் என் அண்ணன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது, அலைச் சத்தமும் கேட்காது. கேட்பதெல்லாம் பக்கத்திலிருந்த கம்போங் செட்டிக் கோயில் மணிதான். அண்ணன் விடியுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்று வாய்க்குப் போவார். தனியாகவே கடலுக்குப் போய், பிடித்த மீனைப் பாசாரில் விற்றுவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடுவார். கூட ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றால், "பேச்சுத் துணைக்கா கடலுக்குப் போறேன்?" என்பார்.

அதற்கு முன் தொங்காங்கில் கூலியாக இருந்தவர். ஆழம் இல்லாததால் கரைக்கு வர முடியாத கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு வரும் பெரிய படகுகள் அவை. மூட்டை தூக்கி அலுத்துப்போய், ஒரு மரப்படகும் அதன் பின்பலகையில் மாட்ட ஒரு பெரிய மோட்டாரும் சொந்தமாக வாங்கிக்கொண்டார். அந்த மோட்டாரின் மேல் அவருக்கு இருந்த பிரியத்தைப் பார்த்து, மூத்த தாரம் கடலில் இருக்கிறது, நான் இளைய தாரம் என்று அண்ணி கேலி செய்வார்.

நான் ரப்பர் வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அதனால் அந்த வீட்டுக்கு எது வாங்குவதானாலும் அலைவது என் பொறுப்பாகிவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அரிசிக்கும் நான்தான், ஓட்டைக் கூரைக்குத் தகரத்துக்கும் நான்தான். நாள் முழுவதும் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் மறுபடி சட்டையை மாட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். சொல்லி என்ன ஆகப்போகிறது, மாட்டிக்கொண்டு போவேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், ஒருநாள் அண்ணன் மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. இரவும் வரவில்லை. மறுநாள் காலையில் மலாய்க்காரர்களின் படகு ஒன்று அவர் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. "இஞ்சின் செத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னார். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அண்ணி அழவில்லை. குளிக்க வெந்நீர் வைத்தார், சோறு போட்டார். அண்ணன் கை கழுவி எழுந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இன்னொரு மோட்டாரு வாங்குங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. ஒண்ணு செத்தா இன்னொண்ணு கொண்டாந்து வீட்டுல சேக்கணும். அது வர்ற வரைக்கும் கடலுக்குப் போகக் கூடாது."

"நாடே மெர்டேக்கா வாங்கிடுச்சு. எனக்கு மட்டும் வீட்டுக்காவலா?"

"வாங்கினது நாடுங்க. நீங்க இல்ல."

அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பெரிய மோட்டாரை முதலில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தார், மோட்டார் கர்ஜித்துக்கொண்டு ஓடியது. ஒரு குறையும் இல்லை என்றார். "கடல்ல அது வேற மாதிரி" என்றார் அண்ணன். அந்தப் பதிலில் ஏதோ இடறியது. ஆனால் அன்று மாதக் கடைசி, அலுவலகத்தில் எனக்கு முதுகு ஒடிந்துகொண்டிருந்தது. யோசிக்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

பெரிய மோட்டாருக்குப் பக்கத்தில் துணைக்கு மாட்டும் சின்ன மோட்டாரைப் படகுக்காரர்கள் கிக்கர் என்பார்கள். சின்னதுதானே, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். விசாரிக்கப் போனால் அதில் ஆயிரம் சங்கதி. பெரியதோடு ஒரே தொட்டியிலிருந்து பெட்ரோல் குடிக்கிற கிக்கர் வேண்டாம் என்றார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்து பெரியது நின்றால், அதையே குடித்த சின்னதும் நிற்கும். தன் தலையிலேயே தனித் தொட்டி உள்ளதாக இருக்க வேண்டும். அடுத்தது கால் நீளம். எங்கள் படகின் பின்பலகை உயரம். குட்டைக்கால் மோட்டாரை அப்படியே மாட்டினால் அதன் விசிறி தண்ணீரில் பாதிதான் முங்கும், அலை வந்தால் காற்றைத்தான் துழாவும். பெரிதாக வாங்கினால் கனம், சிறிதாக வாங்கினால் நீரோட்டத்தை எதிர்க்க வலு போதாது. பெண் பார்த்திருந்தால்கூட இத்தனை பொருத்தம் பார்த்திருக்க மாட்டோம்.

ஆற்றோரக் கடைகளில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மோட்டாரை மாட்டி ஓட்டிக் காட்டுவார்கள். ஒவ்வொரு கடையிலும் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, "நீ இழுடா. சத்தத்த நான் கேக்கிறேன்" என்பார். நாயனக் கச்சேரி கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்துக்கொள்வார். நான் இழுப்பேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, இது இருமுகிறது என்பார். அடுத்த கடையில், இது கனம் என்பார். அதற்கடுத்ததில் கயிறு சரியில்லை. வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சட்டையில் பெட்ரோல் நாற்றம் போகவில்லை, முதலாளி மூக்கைச் சுளித்தார். வாங்க மனமில்லாதவரோடு கடை ஏறி இறங்குவதுபோல அலுப்பான வேலை உலகத்தில் வேறு இல்லை.

கடைசியில் அண்ணியே புறப்பட்டு வந்தார். கடையில் இருந்ததிலேயே சின்னதாக ஒன்றின் முன்னால் போய் நின்றார். மற்றவற்றில் ஒவ்வொரு தடவையும் கயிற்றைக் கையால் சுற்றி இழுக்க வேண்டும். இதில் இழுத்த கயிறு தானே உள்ளே சுருண்டுகொள்ளும். கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் சைகையில் கேட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணி இழுத்தார். இரண்டாம் இழுப்பில் மோட்டார் ஓடியது. தவுக்கே கைதட்டி, "ஆச்சி பாண்டாய்லா!" என்று அவருடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார்.

"இதுதாங்க. எனக்கே வருது, உங்களுக்கு வராதா?" என்றார் அண்ணி.

அண்ணன் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கட்டச் சொல்லு" என்றார். அது குட்டைக்கால் என்று நான் சொன்னதற்கு, பின்பலகையின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இறக்கிவிடலாம் என்றார். தச்சரை வைத்து அப்படியே வெட்டினோம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

புதுசு வாங்கினால் சாமியிடம் காட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு துடைப்பத்தைக்கூட எடுக்க மாட்டார்கள். மோட்டாரைக் குழந்தைபோலத் துணியில் சுற்றி, மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் ஏற்றிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் செம்பருத்தி பறித்துக் கொடுத்திருந்தார். அர்ச்சனை முடிந்து, குருக்கள் சந்தனமும் குங்குமமும் இலையில் மடித்துக் கொடுத்தார். படகில் மாட்டிய பிறகு பொட்டு வைக்க அண்ணன் உட்கார்ந்தார். மோட்டாருக்கு நெற்றி எது என்று அவருக்கே ஒரு சந்தேகம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மேல இருக்கிறதுதான் நெத்தி" என்று தாமே முடிவு செய்து, பெட்ரோல் தொட்டியின் மூடி மேல் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். வெயிலில் அது காய்ந்து ஓடுபோல இறுகிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மூன்று பேரும் படகில் ஏறினோம். பெரிய மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, சின்னதை நான் இழுத்துக் கிளப்பினேன். பின்னால் கனம் கூடுகிறது, முன்னால் போய் உட்கார் என்று அண்ணன் சொல்ல, அண்ணியைத் தாண்டி முனைக்குப் போனேன். ஆற்று வாயைத் தாண்டும்வரை மோட்டார் சமர்த்தாக ஓடியது. தாண்டியதும் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது.

வற்றத்து நீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு நேர் எதிரே ஒரு தொங்காங் நங்கூரம் போட்டிருந்தது, நீரோட்டம் எங்களை அதன் மேல் கொண்டுபோய் மோதப் பார்த்தது. நான் எழுந்ததும் படகு ஆடியது. "எந்திரிக்காதடா, கவுந்துரும்!" என்று கத்தினார் அண்ணன். வேறு வழியில்லாமல் அவரே கயிற்றைப் பிடித்தார்.

வலது கை பாதி தூரம் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. மறுபடி இழுத்தார், அதே இடத்தில் நின்றது. இடது கையை மாற்றினார், அதில் வேகம் வரவில்லை. சாய்த்து வைத்திருந்த பெரிய மோட்டாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், தொடவில்லை. முழுப் பூசணிக்காயை இத்தனை நாள் சோற்றில் மறைத்து வைத்திருந்தவர் எங்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்திருந்தார்.

அண்ணி குனிந்தபடியே பின்னால் நகர்ந்துபோய், அவரை விலகச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். மோட்டார் அசையவில்லை. "பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தொறந்து பாருங்க அண்ணி" என்றேன். திறந்ததும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல புஸ் என்று சத்தம் வந்தது. பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. அப்போது இழுத்தார், ஓடியது. தொங்காங்கை ஒரு முழம் தள்ளித் தாண்டினோம். மூடியைத் திருகி மூடினார், கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டிக்குள் காற்றுப் போவதற்காக மூடியில் ஓர் ஊசித்துளை விட்டிருப்பார்கள். அண்ணன் வைத்த சந்தனப் பொட்டு அதை அடைத்துவிட்டது. காற்றுப் போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும். நான் சொன்னதும் அண்ணி சந்தனத்தை முந்தானையால் சுரண்டி, கொண்டை ஊசியால் துளையைக் குத்திவிட்டார். பிறகு மோட்டார் நிற்கவே இல்லை.

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கை எத்தன நாளா இப்படி?" என்று கேட்டார் அண்ணி, கரையைப் பார்த்துப் படகை ஓட்டிக்கொண்டே.

"தொங்காங்குல மூட்ட தூக்கினப்பவே வலி இருந்துச்சு. இந்த வருசந்தான் ரொம்பவும்."

"அப்ப அன்னிக்கும் இஞ்சின் சாகல."

அண்ணன் கடலைப் பார்த்தார். "சாகல. தோளுதான் வரல. இழுத்து இழுத்துப் பாத்தேன் புள்ள, உசுரு போச்சு. வரவே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை கடை ஏறி இறங்கி என் கையைப் புண்ணாக்கிக்கொண்டது இதை மறைக்கத்தானா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பெரிய அசதிதான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முடிவைச் சொல்லிவிட்டார். சின்ன மோட்டார் போதும், பெரியதை விற்றுவிட வேண்டும். அண்ணன் சில நாள் முரண்டு பிடித்தார். பெரியது இல்லாமல் தூரத்துக்குப் போக முடியாது, நல்ல மீனெல்லாம் அங்கேதான், கரையோரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"தூரத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் இருக்கேன் கரையில. இந்த மோட்டாரு உங்களுக்கு இழுக்க வரலன்னாலும் நான் கூட வந்து இழுப்பேன். அந்தப் பெருச என்னால இழுக்க முடியாதுங்க."

மறுநாளே பெரியதைப் படகிலிருந்து கழற்றினோம்.

பெரிய மோட்டாரைப் பார்க்கத் தஞ்சோங் கிளிங் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்கார மீனவர் வந்தார். வீட்டின் பின்புறம் பீப்பாயில் மாட்டி வைத்திருந்தோம். சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்ல மோட்டாரை ஏன் விற்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். சின்னதே போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றார் அண்ணன். வந்தவர் சிரித்துவிட்டு, ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

வழக்கம்போல நான் முன்னே போனேன். அண்ணன் இடது கையை நீட்டி என்னைத் தடுத்தார். அண்ணி சமையற்கட்டு வாசலுக்கு வந்து, "ஏங்க" என்றார். அவர் திரும்பவில்லை. கயிற்றை நிதானமாகச் சுற்றி, காலை அகட்டி நின்று, வலது கையால் இழுத்தார். ஒரே இழுப்பு. பெரிய மோட்டார் முற்றம் அதிர ஓடியது. வந்தவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குத் தலையசைத்தார்.

வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"ஒரே இழுப்புதான், பாத்தியா?" என்றார் என்னிடம்.

"பார்த்தேண்ணே" என்றேன்.

சட்டையைக் கழற்றப் பார்த்தார், கை தூக்க வரவில்லை. அண்ணி வந்து ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்துக் கழற்றிவிட்டார்.