கரியில் ஓடிய காரும் என் சடையும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு ஆறு வயதிலேயே கார் ஓட்டிப் போனவன் நான். இந்தப் பொய்யை ரொம்ப வருஷமாகச் சொல்லிவருகிறேன், இன்றோடு விட்டுவிடலாம். ஓட்டியவர் வாடகைக் கார்க்காரர் மிக்கேல் அண்ணன். நான் சடை பின்னி, கனகாம்பரம் வைத்து, பின் சீட்டில் அக்கா மடியில் உட்கார்ந்து போனேன்.

அந்தக் காரை நினைத்தாலே மூக்கில் ஏறுவது அதன் நெடிதான். தீக்கங்கு போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் எப்படி இருக்கும், அப்படி. நாற்பதுகளின் சண்டைக் காலம், பெட்ரோல் கண்ணால் காணக் கிடைக்காது. வாடகைக் கார்களின் முதுகில் வெந்நீர்த் தவலை மாதிரி ஒரு இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, பக்கத்திலிருந்த சக்கரத்தைக் கை வலிக்கச் சுற்றி, கிளம்புகிற புகையில்தான் ஓட்டினார்கள். "கரி வண்டி" என்று பேர். மேடு வந்தால் ஏறியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும்.

என் சடைக்கும் ஒரு கதை உண்டு. கைக்குழந்தையில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, "புள்ள பொழச்சா செந்தூர்ல முடி எறக்குதேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்துவிட்டேன். மாட்டு வண்டி கட்டி அடுத்த மாதமே போய் வந்திருக்கலாம். ஆனால் கருப்பட்டி வியாபாரியான என் அப்பா, பஜாரில் நாலு பேர் முன்னால் "எம் மவன் கார்லதான் போவான்" என்று சொல்லித் தொலைத்தார். உலகச் சண்டை வந்தது, கார் கிடைப்பது அரிதானது. அப்பா சொன்ன சொல்லும் இறங்கவில்லை, என் முடியும் இறங்கவில்லை. இடுப்பைத் தொட்டுவிட்டது.

அக்கா பொன்னம்மைக்கு அது விளையாட்டுச் சாமான். தினம் ஒரு பின்னல். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையை "ஏலே" என்றும் பெண்பிள்ளையை "ஏளா" என்றும் கூப்பிடுவோம். நான் தெருவுக்கே "ஏளா". கோலி விளையாடப் போனால், "ஏளா, போயி பல்லாங்குழி ஆடுளா" என்று விரட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் என்னைப் பெண்பிள்ளைகள் வரிசையில் உட்காரவைத்தார். அன்று எழுந்து வந்தவன், திரும்பவே இல்லை. பின்னாளில் கடைச் சாக்குகளில் குத்தியிருந்த எழுத்தைப் பார்த்துத்தான் படித்தேன். என் கையெழுத்து இன்றும் சாக்கில் குத்தியது போலத்தான் இருக்கும்.

ஒருவழியாகக் கார் அகப்பட்டபோது கார்த்திகை மாதத்தின் கடைசி நாள். மறுநாள் மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் முடி இறக்க மாட்டார்கள். அன்றைக்கும் உச்சிப் பொழுதுக்கு முன்னால் இறக்கியாக வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. தப்பினால் அப்பா அடுத்த காரை எந்தக் காலத்தில் பிடிப்பார் என்பது முருகனுக்கே தெரியாது.

வழிக்கு வேண்டிய கரியை மூட்டையாகக் கட்டி, முந்தின நாளே எங்கள் கடையில் வைத்திருந்தார் மிக்கேல் அண்ணன். விடியற்காலை இருட்டில் அதை எடுக்க விளக்குக் கொண்டுவரப் போனவரை அப்பா தடுத்தார்.

"வெளக்கு எதுக்குடே? கண்ணக் கட்டி விட்டாலும் சரக்கு எதுன்னு சொல்லுவேன்" என்று மூட்டையைத் தடவினார். "நல்ல உடைமரக் கரி. கனத்தப் பாத்தியா?"

ஆத்தூர் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. மிக்கேல் அண்ணன் மூட்டையைப் பிரித்துக் கைவிட்டுப் பார்த்தார். விரலை நக்கினார்.

"அண்ணாச்சி, இது கரியில்ல."

"ஏன், நனஞ்சிட்டா?"

"இனிக்கி."

பிறந்ததிலிருந்து கருப்பட்டியைத் தொட்டு வளர்ந்த என் அப்பா, ஒரு மூட்டைக் கருப்பட்டியைக் கரியென்று ஏற்றி வந்திருந்தார்.

"இதையே போட்டா ஓடாதா?" என்றாள் அம்மா.

"ஓடும்க்கா. பாகு காச்சிக்கிட்டே ஓடும்."

நான் வெயிலைப் பார்த்தேன். இறங்கி வீரமாக வண்டியைத் தள்ளினேன் என்று எழுத ஆசைதான். அழுதேன். "அழாதளா, அடுத்த வருசம் குஞ்சம் வச்சுப் பின்னுதேன்" என்று அக்கா தேற்றினாள். அழுகை இரண்டு மடங்காயிற்று.

அப்போதுதான் சாலையோரத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. கொல்லுப் பட்டறை! அங்கே மூட்டை மூட்டையாகக் கரி. அப்பா துட்டை நீட்டினார். கொல்லர் வீட்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துட்டப் போட்டா காப்பி கலக்க? சீனிதான் எங்கனயும் கெடைக்கலியே. கருப்பட்டி மூட்டைய எறக்கிட்டுக் கரிய எடுத்துக்கிடுங்க."

"மூட்டைக்கு மூட்டையா! பஜார்ல கேட்டா சிரிப்பாவ."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "பஜார்ல சொன்ன சொல்லுலதான் எம் புள்ள இடுப்பளவு முடியோட நிக்கான். எறக்குங்க."

அப்பா தானே முதுகில் சுமந்து போய் இறக்கினார்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் இறங்கும்போது எங்கள் நிழல் காலடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது. முடி இறக்குபவர் என் சடையைத் தூக்கிப் பார்த்து, "பொட்டப் புள்ளைக்கா?" என்றார். "ஆம்பளப் பய. வெரசா எறக்கும்" என்றாள் அம்மா. கத்தி ஏறியது, சடை கனகாம்பரத்தோடு மணலில் விழுந்தது. கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் குளித்து, தலையில் சந்தனம் பூசியபோது கடல் காற்று மண்டையைத் தொட்டது பாருங்கள், அந்தச் சுகத்துக்கு இன்னொரு தடவை காய்ச்சலில் கிடக்கலாம். அக்கா மட்டும் யாரோ செத்துவிட்டது போல அழுதாள்.

கோயிலுக்குள் வராமல் வண்டியடியில் காத்திருந்த மிக்கேல் அண்ணன், என் மொட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, இங்கன வா. இந்தச் சக்கரத்தச் சுத்து."

ஏலே! உயிர் போகச் சுற்றினேன். வண்டி உறுமியது. நான் கார் ஓட்டிய பொய் பிறந்தது அங்கேதான்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. கார்களுக்கு வாசனையே கிடையாது. இருந்தாலும் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். முருகனுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த முடியையும் அவன் கேட்காமலே எடுத்துக்கொண்டான். என்னை "ஏலே" என்று கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஊருக்கே நான் இப்போது தாத்தா. பாக்கி ஒரே ஒரு ஆள்தான். கொள்ளுப்பேரனின் மொட்டைக்காக இன்று புறப்படும் காரில், முன் சீட்டைப் பிடித்து ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

அது கிடக்கட்டும். அன்றைக்குத் திரும்பி வரும்போது நடந்ததுதான் பெரிய கூத்து. பழையகாயல் பக்கம் வந்ததும் அப்பா மிக்கேல் அண்ணனிடம் மெதுவாக...

"ஏலே! வாரியா, இல்ல கதைய அளந்துக்கிட்டு இங்கனயே கெடக்கியா? உச்சி ஆவுதுலே!"

வாரேன்க்கா.