லகானை அடுத்தவர் கையில் கொடுத்த ஆரோக்கியம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வாலாஜாபாத் ஸ்டேஷன் வாசலில், ஜட்காக்காரர் ஆரோக்கியம் இறந்துபோனார். பாசஞ்சர் ரயில் வந்து நின்றிருந்தது. குதிரைக்கு வயிற்றுவாரை இறுக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சக்கரத்தில் சாய்ந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த சவாரி இறங்கி வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உத்திரமேரூரில் என் கொள்ளு மண்டிக்குச் சேதி கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். ஜன்னல் வழியாகவே கத்திச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவருடைய பெண்குதிரை ராணி இனி யார் கைக்குப் போகும் என்று தோன்றியது. நம் குதிரைக் கூட்டம் நடக்கும் பங்குனிக் கடைசி சனி, ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரே மூட்டையை நான்கு தடவை தராசில் நிறுத்தேன். பிறகு சைக்கிளை எடுத்தேன். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த வருஷத்துக் குதிரைக் கூட்ட நோட்டீஸோடு சேர்த்து இதையும் அச்சுக்குக் கொடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். நான் ஒரு வரி கூட்டிச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கூட்டம் ஆரம்பித்த கதையில் என் சுயலாபம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் பஸ் அதிகமாகிவிட்டது. ஜட்காக்காரர்கள் குதிரைக்குக் கொள்ளைக் குறைத்து வெறும் புல்லைப் போட ஆரம்பித்தார்கள். என் மண்டியில் மூட்டைகள் தேங்கின. ஒரு குதிரை ரேஸ் வைத்தால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடும், குதிரைக்குத் தீனி போட வேண்டும் என்ற ரோஷமும் வரும் என்று ஆரோக்கியத்திடம் போய்ச் சொன்னேன். வாலிப வயதில் மெட்ராஸில் ஒரு துரையின் லாயத்தில் வேலை பார்த்தவர் அவர். குதிரை விஷயத்தில் இந்தப் பக்கத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல்.

"ரேஸ் வெச்சா ஒரு நாள் கொள்ளு விப்ப மொதலாளி. அன்னிக்கே நாலு குதிரை கால ஒடிச்சிக்கும். அப்பால யாருக்கு விப்ப, எனக்கா?" என்றார்.

"பின்ன இன்னாதான் பண்ணலாம்ன்ற?"

"குதிரை எப்டி ஓடுதுன்னு பாக்காத. எப்டி நிக்குது, எப்டித் திரும்புது, எப்டிப் பின்னால போவுதுன்னு பாரு. தெனமும் அதுக்கு வேலை அதான்."

அப்படித்தான் நம் போட்டி உருவானது. வண்டியில் விளிம்பு வரை நிரப்பிய ஒரு குடம் தண்ணீர். நான்கு கம்பங்களைச் சுற்றி வர வேண்டும். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்த வேண்டும். ஓட்டியவர் இறங்கிப் பத்தடி தள்ளி நிற்க, பக்கத்தில் பறை அடிப்பார்கள், குதிரை அசையக்கூடாது. சாட்டை கிடையாது. யார் குடத்தில் அதிகம் தண்ணீர் மிஞ்சுகிறதோ அந்தக் குதிரைக்கு என் மண்டியிலிருந்து ஒரு மூட்டை கொள்ளு. இதுவரை எல்லோருக்கும் சம்மதம். அதற்கு மேல் ஆரோக்கியம் ஒரு கண்டிஷன் போட்டார்: யாரும் தன் குதிரையை ஓட்டக்கூடாது. சீட்டுக் குலுக்கி, அவரவர் குதிரை அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். பரிசு மட்டும் குதிரைக்குச் சொந்தக்காரருக்கு.

ஸ்டாண்டில் பெரிய சண்டை. "என் குதிரைய எவனோ வாயக் கியிச்சி வுட்டா நீ வந்து தைப்பியா?" என்று ஒருவர் அடிக்கவே வந்துவிட்டார்.

ஆரோக்கியம் பீடியைக் கீழே போட்டார். "உன் குதிரை உன் கொரலுக்குப் பயகிப் போச்சி. அதுல உனக்கு இன்னா பெருமை? அடுத்தவன் கையில குடு. அப்ப தெரியும் நீ அத்த எப்டி வெச்சிக்கினு கீறேன்னு. அவன் குதிரையும் அந்நேரம் எவன் கையிலயோ கீது. அவன் எதுக்குக் கியிக்கப் போறான்?"

இடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. போட்டிக்கு வரும் இருபத்திரண்டு குதிரைக்கும் தண்ணீர் வேண்டும். காவாந்தண்டலத்தில் கன்னியப்ப நாயக்கர் வயலில்தான் அறுவடை முடிந்து தரை கெட்டியாக இருந்தது. கிணற்றில் ஆயில் இன்ஜினும் இருந்தது. ஆரோக்கியத்தின் தகப்பனார் காலமெல்லாம் அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர், நாயக்கர் வீட்டாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். ஆரோக்கியம் 'நாயக்கரே' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தை நாயக்கரை எவ்வளவு உறுத்தியது என்று எனக்குத் தெரியும். அதனால் பேசுவதற்கு நான் மட்டும் போனேன்.

நாயக்கர் இடம் தருகிறேன் என்றார். பிறகு என் தோளில் கை போட்டுக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் இரண்டு விஷயம் சொன்னார். "என் குதிரைய ஆரோக்கியம்தான் ஓட்டணும், கண்டவன் கையில குடுக்க மாட்டேன். இன்னொண்ணு, நான் எவன் வண்டியிலயும் ஏற மாட்டேன். என் பேர சீட்டுல போடாத."

நான் சரி என்றேன். வியாபாரி, சரி என்று சொல்லிப் பழகியவன். ஆரோக்கியத்திடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை சவாரி. காவாந்தண்டலத்திலிருந்து செய்யாற்று மணலோடு திருமுக்கூடல் வரை போய்த் திரும்ப வேண்டும். வண்டிகளை அவிழ்த்துவிட்டுக் குதிரை மேல் மட்டும் போனோம்; நான் ஒருவருக்குப் பின்னால் தொற்றிக்கொண்டேன். இளமணல் வந்த இடத்தில் ஆரோக்கியம் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார். நாயக்கர் மட்டும் இறங்கவில்லை. நூறடி போனதும் அவர் குதிரை முழங்கால் வரை புதைந்து நின்றுவிட்டது. ஆரோக்கியம் திரும்பிப் பார்த்து, "நாயக்கரே, செருப்ப அவுத்துட்டு எறங்குங்க. மணலு நல்லாத்தான் கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் சீட்டு என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஆரோக்கியம் வந்த பிறகு குலுக்கல் ஆரம்பமானது. குடத்தை நான்தான் பிடித்தேன். முதலில் நாயக்கர் குதிரையின் பெயரைச் சொல்லி, உள்ளே கைவிட்டு, விரலிடுக்கில் வைத்திருந்த சீட்டை எடுத்துப் பிரித்தேன். 'ஆரோக்கியம்.' கூட்டம் கைதட்டியது. நாயக்கர் மீசையைத் தடவினார்.

ஆரோக்கியம் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "மொதலாளி, கொடத்தக் கவுத்துங்க. மொத்தம் எத்தினி கீதுன்னு எண்ணிப்புடலாம்" என்றார். கவிழ்த்தேன். எடுத்ததையும் சேர்த்து இருபத்தொரு சீட்டு. குதிரை இருபத்திரண்டு.

அந்த நிமிஷத்தில் என் மானம் அவர் நாக்கில் இருந்தது. அவர் சத்தமாகச் சொன்னார்: "மொதலாளி ராத்திரி எல்லாம் அலஞ்சிக்கினு இருந்தாரு, பாவம். நாயக்கர் பேர எயுத மறந்துட்டாரு." பென்சிலை வாங்கி அவரே எழுதினார். நாயக்கர் என்னை முறைத்தார். அவராலும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் அத்தனை பேர் நடுவில் ரகசியம் வெளிவரும்.

"இந்தத் தபா வேற ஆளு எடுக்கட்டும்" என்று ஆரோக்கியம் சுற்றிலும் பார்த்தார். ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வேடிக்கை பார்க்க இறங்கிய கண்டக்டர் வரப்பில் நின்றிருந்தார். "தோ, நம்ம பொயப்புல மண்ண அள்ளிப் போட்டவரு! அவரே எடுக்கட்டும். அவருக்கு எந்தக் குதிரை மேலயும் ஆசை கெடையாது." கண்டக்டர் டிக்கெட் பையோடு வந்து எடுத்தார்.

நாயக்கர் குதிரை வாலாஜாபாத்தில் காய்கறி வண்டி ஓட்டுகிறவருக்குப் போனது. ராணி என்று சொல்லி எடுத்த சீட்டில் இருந்த பெயர், கன்னியப்ப நாயக்கர்.

நாயக்கர் கோபித்துக்கொண்டு போனால் இன்ஜின் நின்றுவிடும், அத்தனை குதிரையும் வெயிலில் தவிக்கும். ஏறினால் அதைவிட மோசம். அந்தக் கோபத்தை ராணியின் வாயில் காட்டினால் ஆரோக்கியம் வீட்டில் அடுப்பு எரியாது. ஆரோக்கியம் காதில் சொன்னேன்: "ராணிக்குக் கால் நோவுதுன்னு சொல்லி எடுத்துடு."

"அப்டி எடுத்தா இது ஆரோக்கியம் வூட்டுப் போட்டியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு, லகானைக் கொண்டுபோய் நாயக்கர் முன் நீட்டினார். "நாயக்கரே, இதுக்கு வாய் மெதுவு. இய்க்காதீங்க. கொரல் குடுத்தாப் போதும்."

"உன் குதிரைக்கு நான் இன்னாடா கொரல் குடுக்கணும்?"

"'போலாம்மா'ன்னு சொல்லணும்."

நாயக்கர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். நாக்கைத் தட்டினார். ராணி காதைக்கூட அசைக்கவில்லை. லகானைச் சுண்டினார். அது தலையைத் திருப்பி ஆரோக்கியத்தைப் பார்த்தது. ஆரோக்கியம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

கடைசியில் நாயக்கர் தாழ்ந்த குரலில், "போலாம்மா" என்றார்.

ராணி போயிற்று. நான்கு கம்பமும் சுற்றி, மூட்டைகளுக்கு நடுவே பின்னால் வந்து, பறைச் சத்தத்தில் கல்லாய் நின்றது. குடத்தில் ஒரு கை தண்ணீர்தான் குறைந்திருந்தது. நாயக்கர் குதிரையோ காய்கறிக்காரர் கை அசையும்போதெல்லாம் அடி விழுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துப் பாதிக் குடத்தைக் கொட்டிவிட்டது. அது வீட்டில் எப்படி வளர்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாயக்கர் அதனால் ஒரே நாளில் நல்லவராகிவிடவில்லை. "வாக்கு குடுத்துட்டு மறந்துட்டியா?" என்று கேட்டு என் மண்டியில் வாங்குவதை நிறுத்தினார். ஆனால் சாட்டையையும் நிறுத்தினார். மறுவருஷம் நிலத்தைத் தானாகவே கொடுத்தார். பேச்சுவார்த்தை எல்லாம் ஆரோக்கியத்தோடு நேராக.

என்னிடம் ஆரோக்கியம் அன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை பேசினார். "உன் விரல வேற யாரும் பாக்கல. வுடு." அதோடு சரி. ஐந்து வருஷத்தில் ஒரு நாள் குத்திக் காட்டவில்லை. வைது தொலைத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இதோ, இப்போது எல்லோரும் படிக்கும்படி நானே எழுதிவிட்டேன்.

எழுதியதற்குக் காரணம் உண்டு. கல்லறைக்கு வந்திருந்த நாயக்கர், வெளியே வேலியோரம் நின்றுவிட்டு, நேராக என் மண்டிக்கு வந்தார். "அவன் இருந்தான், என் குதிரைய எவன் கையிலயும் குடுத்தேன். இனிமே யார நம்பிக் குடுக்கறது? உன்னையா? இந்த வருசம் அவனவன் குதிரைய அவனவனே ஓட்டட்டும். இல்லன்னா நெலம் இல்ல" என்றார். அவர் கேட்டது நியாயம்.

நேற்று ஆரோக்கியத்தின் மனைவி சூசம்மாவைப் பார்க்கப் போனேன்.

"நாயக்கர் ராணிக்கு அஞ்ஞூறு தரேன்னாரு. நீங்க இன்னா தருவீங்க?" என்று எடுத்ததுமே கேட்டார்.

"அஞ்ஞூறு அதிகம் சூசம்மா. பதினாலு வயசு. சந்தையில எரநூறு தாண்டாது."

"தெரியும். ஆனா அவரு வாங்கினா வூட்ல கட்டி வெச்சிக்குவாரு. அஞ்ஞூறும் நாலு மாசத்துல கரஞ்சிடும். என் தம்பி கீறான், ஸ்டேஷன்ல ஓட்டுவான். சவாரிக் காசு எனக்கு. கொள்ளு உங்க மண்டியில இருந்து. குதிரை இங்கயே இருக்கட்டும், உங்க பேர்ல."

"சரி."

"சீட்டுல ராணிய போடணும்."

"போடறேன்."

"உங்க பேரும் சீட்டுல வியணும். அஞ்சு வருசமா கொடத்தப் புடிச்சிக்கினு நின்னீங்களே, ஒரு தபாவாவது லகானத் தொட்டீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே சூசம்மா."

"குதிரைக்குத் தெரியும்" என்றார்.

இன்று காலை நாயக்கர் மறுபடி வந்தார். "நீயா வாங்கின? சீட்டுல போடுவியா?" என்றார். போடுவேன் என்றேன். "உன் பேரு?" உள்ளே என்றேன். "யாரு எடுக்கறது?" கண்டக்டர். "கொடத்த?" சூசம்மா பிடிப்பார், நான் தொடமாட்டேன் என்றேன். மூட்டையை விரலால் தட்டினார். "ராணி எனக்கு இன்னொரு தபா வியும்ன்ற?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி" என்றார்.

ஆரோக்கியத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் குதிரையையும் அவர் கண்டிஷனையும். பேசி முடிந்தது இவ்வளவு: ராணியின் விலை இருநூற்று அறுபது ரூபாய், கொடுத்தாயிற்று. நிலத்துக்கு வாடகை இல்லை, இன்ஜினுக்கு ஆயில் என்னுடையது. சனிக்கிழமை இளமணலில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு போட்டி. சாட்டை கிடையாது. இருபத்து மூன்று குதிரை, என்னையும் சேர்த்து இருபத்து மூன்று சீட்டு. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் வந்து எண்ணலாம்.