பாகக்காரர் உள்ளே கொண்டுவந்த கப்பல்

அந்தத் துறைமுகத்தில் எல்லோரும் அவரைப் பாகக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை வருகிற நீளம் ஒரு பாகம். கடலின் ஆழத்தை அதில்தான் அளப்பார்கள். அவருக்குக் கரையிலும் வேறு அளவு வராது. துணிக்கடையில் அரைப் பாகம் துணி கேட்பார். மனைவி கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்தால், இன்றைக்கு எத்தனை பாகம் என்று மைத்துனனிடம் ரகசியமாக விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்.

வெளியிலிருந்து வரும் கப்பல்களை ஆற்று முகத்துவாரத்தின் மணல் திட்டுகளில் மாட்டாமல் உள்ளே கொண்டுவருவதும், போகிற கப்பல்களை அதே போல வெளியே கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. முகத்துவாரத்தில் வடக்கே ஒரு வாய்க்கால் உண்டு. கப்பல் போகிற வழி அது ஒன்றுதான். தெற்கே ஆமை முதுகு போல ஒரு பெரிய திட்டு. தினமும் கடல் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் அதன் மேல் இரண்டு பாகம்கூட ஆழம் இருக்காது. பெரிய கப்பல் மிதக்க மூன்று பாகமாவது வேண்டும். அதனால் துறைமுகத்தைக் காத்த கோட்டையின் பீரங்கிகள் எல்லாம் வடக்கு வாய்க்காலைப் பார்த்தே வைக்கப்பட்டிருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கைபட்ட கப்பல் ஒன்றுகூடத் தரை தட்டியதில்லை.

போர் தொடங்கிய வருடம், ஒரு காலையில், நாற்பத்து நான்கு பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்றை வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். வழக்கம்போல மைத்துனன் சிறு படகில் பின்னால் வந்தான். திட்டுகளைத் தாண்டியதும் அந்தப் படகில் இறங்கி வீடு திரும்புவது வழக்கம். கதவுத் தாழ்ப்பாளுக்கு நாலு ஆணி வாங்கி வரும்படி மனைவி சொல்லியிருந்தாள். பதினொரு வயது மகள் வாசல் வரை வந்து, மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்றாள்.

வாய்க்காலைத் தாண்டும்போதே காற்று மாறிவிட்டது. மைத்துனனின் படகு இரண்டு முறை கப்பலை நெருங்கி வந்து, இரண்டு முறையும் அலை தூக்கி அடித்ததில் விலகிப் போனது. மூன்றாவது முறை படகில் பாதி தண்ணீர். ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே அவன் மேலே பார்த்தான். பாகக்காரர் கயிற்றேணியில் ஒரு காலை வைத்தபடி கீழே பார்த்தார். அந்த நேரத்தில் பாய்மரத்தின் உச்சியில் இருந்தவன் எதிரிப் பாய்கள் தெரிவதாகக் கத்தினான். கேப்டன் எல்லாப் பாய்களையும் விரிக்கச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் காத்திருக்கும்படி பாகக்காரர் அவரிடம் கெஞ்சினார். “அடுத்த துறைமுகத்துல இறக்கி விடறோம், பெரியவரே. எட்டு நாள்தான்” என்றார் கேப்டன். அவர் சொன்னதில் பொய் இல்லை. எட்டு நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் அவரும் நம்பினார்.

ஆழ்கடலில் பாகக்காரர் ஒன்றுக்கும் உதவாதவராக இருந்தார். முகத்துவாரத்தின் ஒவ்வொரு மேடும் அவருக்கு மனப்பாடம். அதைத் தாண்டினால் வழி தெரியாது. போதாததற்கு வாந்தி வேறு. இருபத்திரண்டு வருடம் கப்பலில் ஏறி இறங்கியவர் பக்கவாட்டுப் பலகையைக் கட்டிக்கொண்டு குடலைக் கக்கியதைப் பார்த்து மாலுமிகளுக்கு ஒரே சிரிப்பு. ஆழத்தை அளக்கிறாரா என்று கேட்டார்கள். சமையல்காரர் ஒருவர்தான் இரக்கப்பட்டு, காய்ந்த ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்துத் தன் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் எதிரிகள் பிடித்துவிட்டார்கள். இரண்டு கப்பல்கள், ஒவ்வொன்றும் இதைவிடப் பெரியது. சண்டை நடந்த மூன்று மணி நேரமும் பாகக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். அடிபட்டவர்களை மருத்துவர் அறுக்கும்போது அவர்கள் தோள்களை அழுத்திப் பிடிப்பது அவருக்குக் கொடுத்த வேலை. மேலே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேலே பீரங்கிகள் பின்னுக்கு உதைக்கும் சத்தம், பிறகு நடு மரம் முறிந்து விழுந்த சத்தம், பிறகு அமைதி. அந்த அமைதியில்தான் தோற்றுவிட்டோம் என்று புரிந்தது. கேப்டன் இறந்துபோயிருந்தார்.

உயிரோடு இருந்தவர்களைக் கடலுக்கு அப்பால் ஒரு தீவுக்குக் கொண்டுபோய்க் கல் கட்டடம் ஒன்றில் அடைத்தார்கள். பதினான்கு மாதம் அங்கே ஓடியது. வீட்டுக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. நாலில் ஒருவர் காய்ச்சலில் செத்துப்போனார். பிறகு ஒரு நாள், பிடிபட்ட கப்பலின் பதிவேட்டை யாரோ நிதானமாகப் புரட்டியிருக்கிறார்கள். அதில் அவருக்கு நேரே, இன்ன துறைமுகத்தின் வழிகாட்டி என்று எழுதியிருந்தது.

எதிரிக் கேப்டன் மரியாதையான மனிதர். தீவுக்கு வந்திருந்த தன் போர்க்கப்பலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர், அந்தத் துறைமுகத்துக்குள் இந்தக் கப்பலைக் கொண்டுபோக வேண்டும் என்றார். பாகக்காரர் முடியாது என்றார். மொழிபெயர்ப்பாளர் குரலை உயர்த்தவில்லை. அவருடைய கப்பல்காரர்களில் பதினொரு பேரை இந்தக் கப்பலில் ஏற்றி அடித்தளத்தில் சங்கிலியில் கட்டியிருப்பதாகவும், மறுத்தால் நாளுக்கு ஒருவராகத் தூக்கில் போடப்போவதாகவும் சொன்னார். பதினொரு பேரில் சமையல்காரரும் ஒருவர்.

அன்று முழுவதும் யோசித்துவிட்டுப் பாகக்காரர் சரி என்றார்.

அவர் யோசித்தது வேறு. கப்பலை வடக்கு வாய்க்காலில் விடாமல், நீர் வற்றும் நேரத்தில் தெற்குத் திட்டின் மேல் ஏற்றிவிடுவது. ஏறினால் அசையாது. நீர் வற்ற வற்றக் கப்பல் பக்கவாட்டில் சாயும். ஒரு பக்கப் பீரங்கிகள் வானத்தைப் பார்க்கும், மறு பக்கப் பீரங்கிகள் சேற்றைப் பார்க்கும். கோட்டைக்காரர்கள் தங்கள் பீரங்கிகளை நிதானமாக இழுத்துத் திருப்பி வைத்து அடிக்கலாம். அடித்தளத்தில் இருக்கும் பதினொரு பேர் என்ன ஆவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கரையில் மனைவியும் மகளும் மைத்துனனும் ஊர்க்காரர் அத்தனை பேரும் இருந்தார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் மனசு ஆறவில்லை. கடைசியில் பதினொன்று சின்ன எண்ணிக்கை என்று முடிவு செய்தார். அப்படி முடிவு செய்தபோது சமையல்காரரின் முகத்தை நினைக்காமலிருக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஒரு காலை வெளிச்சத்தில் கரை தெரிந்தது. சுங்கக் கட்டடத்தின் வெள்ளைச் சுவரும், பின்னால் குன்றின் மேலிருந்த கொடிமரமும் அப்படியே இருந்தன. கைத்துப்பாக்கியோடு ஒருவன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான். தரை தட்டினால் முதல் குண்டு உங்களுக்குத்தான் என்று மொழிபெயர்ப்பாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

நீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சுக்கானைத் தெற்கே திருப்பச் சொன்னார். முன்பக்கம் நின்ற மாலுமி ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் எறிந்து ஆழத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் பேசியது வேறு மொழியாக இருந்தாலும் எண்கள் அவருக்குப் பழகியிருந்தன. ஆறு பாகம். ஐந்தரை. ஐந்து. இனி நாலு வரும், மூன்று வரும், அப்புறம் அடிமரம் மணலில் உரசும் சத்தம். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

நாலரை என்றான். மறுபடி நாலரை.

பாகக்காரர் வெள்ளைச் சுவரையும் கொடிமரத்தையும் பார்த்தார். இடம் தப்பவில்லை. திட்டின் நடு முதுகில்தான் இருந்தார்கள்.

ஐந்து, என்றான் மாலுமி. பிறகு ஆறு.

அவர் இல்லாத வருடத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து அந்தத் திட்டைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டிருந்தது. அந்த மணலெல்லாம் இப்போது வடக்கு வாய்க்காலில் கிடந்தது. வழக்கமான வழியில் போயிருந்தால் கப்பல் தரை தட்டியிருக்கும்.

கோட்டைப் பீரங்கிகள் வடக்கைப் பார்த்தபடி இருந்தன. அவற்றைத் திருப்பி முடிப்பதற்குள் கப்பல் உள்ளே வந்து, சுங்கக் கட்டடத்துக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டது. கப்பல் சுட்ட முதல் சுற்றில் சுங்கக் காவலர் ஏழு பேர் செத்தார்கள். மத்தியானத்துக்குள் ஊர் கைமாறியது. எல்லாம் முடிந்ததும் எதிரிக் கேப்டன் கரையில் இறங்கி, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாகக்காரர் தோளில் கை வைத்து நன்றி சொன்னார். மரியாதையான மனிதர் என்று சொன்னேனே.

அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார். மனைவி கதவைத் திறந்தாள், சத்தமில்லாமல் அழுதாள், தண்ணீர் கொடுத்தாள். பதின்மூன்று வயதாகப் போகிற மகள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. நடந்ததை ஆதியோடந்தமாக அவர் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு மனைவி சொன்னாள்: “நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

செத்த ஏழு பேரில் ஒருவன் அதே தெருவில் இருந்த பீப்பாய்த் தச்சரின் மகன். பாகக்காரர் ஒரு வாரம் பொறுத்து அந்தப் பட்டறைக்குப் போனார். தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கடைசியில், “சொல்லிட்டீங்களா? சரி, போங்க” என்று மறுபடி இழைக்க ஆரம்பித்தார்.

ஒன்பது மாதம் கழித்து ஏதோ ஒப்பந்தப்படி எதிரிகள் ஊரை விட்டுப் போனார்கள். போனதும் அரசாங்கம் பாகக்காரர் மேல் விசாரணை வைத்தது. மூன்று அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஊரில் பாதி வந்திருந்தது. விடுதலையான பதினொரு பேரும் தாங்களாகவே வந்து சாட்சி சொன்னார்கள். எங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் இந்த மனிதர் இந்தப் பழியை ஏற்றார், அவரைத் தண்டிக்காதீர்கள் என்றார்கள். சமையல்காரர் அதை இரண்டு முறை சொன்னார்.

பிறகு பாகக்காரரைக் கேட்டார்கள். அந்தப் பதினொரு பேர் சொன்னதை ஒப்புக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அதைச் செய்தால், ஊரை விற்றுப் பதினொரு பேரை வாங்கியவன் என்று ஆகும். அவர் உண்மையைச் சொன்னார். திட்டில் ஏற்றிக் கப்பலை உடைக்கவே வந்ததாகச் சொன்னார். கீழே ஆட்கள் இருப்பது தெரிந்துதானா என்று ஒரு அதிகாரி கேட்டார். தெரிந்துதான் என்றார்.

அறையில் ஒரு சலசலப்பு. ஊர்க்காரர்கள் யாரும் அதை நம்பவில்லை. இப்போது கதை கட்டுகிறான் என்றார்கள். நம்பியவர்கள் அந்தப் பதினொரு பேர் மட்டும்தான். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள். சமையல்காரர் கடைசியாகப் போனார்.

சாட்சி சொல்ல மைத்துனன் ஒருவன்தான் மிச்சம். பாகக்காரர் கடலில் போனபிறகு வழிகாட்டி வேலையை அவன்தான் பார்த்து வந்தான். வெள்ளத்துக்குப் பிறகு திட்டு நகர்ந்ததை அளந்து பார்த்ததாகவும், துறைமுக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னான். அந்தக் காகிதம் கோட்டைக்குப் போய்ச் சேரவே இல்லை. அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: “திட்டு நகர்ந்தது உங்க அத்தானுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அத்தான் தீவுல அடைபட்டுக் கிடந்தாருங்க, எப்படித் தெரியும்?” என்றான் மைத்துனன். எதிரிகளிடம் படகுகள் இல்லையா, அவர்கள் அளந்து பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்டார்கள். ஒருவருக்கு ஒன்று தெரியாது என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

தண்டனை கொடுக்கவில்லை, குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தக் காகிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மைத்துனன் தயவில் அவருக்குக் கிணற்றடி வேலை கிடைத்தது. புறப்படும் கப்பல்களுக்குக் குடிநீர்ப் பீப்பாய்களை நிரப்பி உருட்டிவிட வேண்டும். பதினேழு வருடம் அதைச் செய்தார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அங்கே அப்பாவைப் பற்றிக் கேட்டால், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கடலில் போய்விட்டார் என்று சொல்வதாகக் காதில் விழுந்தது. அதைக் கேட்டு மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாகக்காரர் அவளைச் சமாதானப்படுத்தினார். மகள் சொல்வதிலும் தப்பில்லை, கடலில்தானே போனேன் என்றார்.

ஏழாவது வருடமோ எட்டாவது வருடமோ, ஒரு பிற்பகலில், சமையல்காரர் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேறொரு கப்பலில் வேலையாக இருந்தார் போலிருக்கிறது. பாகக்காரர் வாளியை இறக்கினார். பாதிப் பீப்பாய் நிரம்பியது.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் சமையல்காரர். “கப்பல் மணல்ல ஏறி நின்னிருந்தா, கீழ வந்து எங்க சங்கிலியை அவிழ்த்து விட்டிருப்பீங்களா?”

பாகக்காரர் வாளியை மறுபடி கிணற்றில் இறக்கினார். துப்பாக்கிக்காரன் தன்னை அப்போதே சுட்டிருப்பான் என்று சொல்ல நினைத்தார். அது நல்ல பதில்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

“சாவி என்கிட்ட இல்லை” என்றார்.

சமையல்காரர் தலையாட்டினார். மீதிப் பீப்பாய் நிரம்பும் வரை கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றார். அடைப்பை இறுக்கி, துறைக்கு இறங்கும் சரிவு வரை இருவருமாகச் சேர்ந்து உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து சமையல்காரர் தனியாகக் கொண்டுபோனார்.